கோணிப்போன கொக்கி

அன்றைக்கு மூன்றாவது தடவையாகக் காரின் பின்மூடி தானாகத் திறந்துகொண்டது. பாஸ்கல் ஸ்பேனரைத் தரையில் வீசினார்.

"கொக்கி கோணிப்போச்சு. வேற ஒண்ணுமில்ல லா" என்றார், யாரும் எதுவும் கேட்காமலேயே.

வாசலில் நின்ற மனைவி பெட்ரீசியா நைட்டிப் பைக்குள் கையை விட்டு ஜெபமாலை உருட்டுகிறாள் போலிருக்கிறது.

கார் அவர்களுடைய மகன் ஷானுடையது. ஆறு மாதத்துக்கு முன் டெங்கிக் காய்ச்சல் ஐந்தே நாளில் அவனைக் கொண்டுபோய்விட்டது. காரைப் பார்க்கும்போதெல்லாம் பாஸ்கலுக்கு நெஞ்சை அடைத்தது. விற்றுத் தொலைத்தால்தான் மூச்சு விடமுடியும்.

ஆனால் வாங்க வந்த இரண்டு பேருக்கு முன்னாலும் மூடி வாயைப் பிளந்தது. கேட்கவா வேண்டும், செத்தவன் காரை விடமாட்டேன் என்கிறான் என்று ஜெலாப்பாங் ஊர் முழுக்க அதே பேச்சு. இன்று நாலு மணிக்குக் காம்பாரிலிருந்து தனேஸ்வரன் வருகிறார். இவரையும் விட்டால் வேறு ஆள் இல்லை.

பாஸ்கல் இரண்டு போல்ட்டுகளைத் தளர்த்திக் கொக்கியை நூலளவு நகர்த்தி இறுக்கினார். அதில் சாக்பீஸ் தடவி மூடித் திறந்தார். கீழே இருந்த வளையத்தின் நட்டநடுவில் வெள்ளைத் தடம் விழுந்திருந்தது. மறுபடி மூடி, கையால் குலுக்கிப் பார்த்தார். அசையவில்லை.

தனேஸ்வரன் வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். "நல்லா வச்சிருக்கீங்கண்ணே. மகளுக்குத்தான், யுனிவர்சிட்டி போயிட்டு வர."

"பின்மூடியும் இப்ப கெட்டியா இருக்கு லா."

டக். மூடி மெல்ல மேலே எழுந்தது.

தனேஸ்வரன் இரண்டடி பின்வாங்கினார். "அண்ணே, இன்னொரு ரிமோட் சாவி யாருகிட்ட இருக்கு?"

பாஸ்கலின் முகம் வெளுத்தது. "அவன்கிட்டதான்."

அடக்கத்தன்று அதை ஷானின் சட்டைப் பையில் வைத்ததே அவர்தான். பிடித்த பொருளைப் பெட்டியில் வைத்து அனுப்புவது வழக்கம். இவனுக்குக் காரைவிடப் பிடித்தது எது? பிறகு பெட்ரீசியா மகன்மேல் விழுந்து கடைசி முத்தம் கொடுத்தாள். அவளைப் பிரித்தெடுக்க நாலு பேர் வேண்டியிருந்தது. அதன்பின் பெட்டியை மூடினார்கள்.

சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர் மாதிரி, 'வாரேன்' என்றுகூடச் சொல்லாமல் தனேஸ்வரன் புறப்பட்டுப் போனார்.

பாஸ்கல் காரில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார். "சரிடா ஷான். விக்கல. உன் காடி உனக்கே இருக்கட்டும்."

பெட்ரீசியா உள்ளே போய் மகனின் படத்துக்கு முன்னால் நின்றாள். பையிலிருந்து கையை மெல்ல வெளியே எடுத்தாள்.

"மன்னிச்சிருய்யா. பெட்டிய மூடுறதுக்கு முன்னாடியே இந்தச் சாவிய அம்மா எடுத்துட்டேன்."