கிளீட்டஸின் கை

ஒயர் வெல்டிங் மிஷின் மறுபடியும் திணறியது. பொறி ஒரு நொடி வெடித்துச் சிதறும், அடுத்த நொடி செத்துப்போகும். தேங்காய்ப்பட்டணத்தில் போட் பட்டறை வைத்திருக்கும் ததேயுஸ், களியக்காவிளை மெக்கானிக் அனில்குமாரை வரவழைத்தார்.

"எத்தனை நாளா இப்பிடி?"

"ஆறு மாசமா உண்டு. பழைய வெல்டர் கிளீட்டஸுக்க கை நடுக்கம்னு நினைச்சேன். குடிச்சிட்டா வாறன்னு எல்லாருக்கும் முன்னால வச்சு கேட்டு, அன்னைக்கே நிறுத்திட்டேன். இப்ப புது ஆள் பிடிச்சாலும் இதே கூத்துதான்."

கரண்ட், ஒயர், ரோலர் எல்லாம் பார்த்த அனில்குமார், கடைசியில் எர்த் கேபிளின் உறையைக் கீறினார். உள்ளே செம்புக்கம்பி உப்புக்காற்றில் பச்சை பூத்து, நாலைந்து இழையில் தொங்கியது.

"அவருக்க கையில ஒண்ணும் இல்ல. கோளாறு இதுலதான்."

ததேயுஸ் பைக்கை எடுத்துக்கொண்டு நேரே இனயத்துக்குப் போனார். கிளீட்டஸின் வீட்டு வாசலில் அவர் மனைவி ரெஜிஷா நின்றாள்.

"தப்பு எனக்க மேலதான். நாளைக்கே வேலைக்கு வரச்சொல்லு."

"குருசடியில சத்தியம் பண்ணி நாலு வருசம் குடியைத் தொடாம இருந்தாரு அண்ணே. நீங்க கேட்ட அன்னைக்குத்தான் திரும்பத் தொட்டாரு."

அவள் கதவை முழுதாகத் திறந்துவிட்டாள்.

"இப்ப நெசமாவே நடுங்குது. வந்து பாருங்க."