சேலை மடிப்புக்குள்

குளித்துவிட்டு ஈரத் தலையோடு அறைக்குள் நுழைந்த மருமகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அவளுடைய அலமாரியைத் திறந்து போட்டுக்கொண்டு, மாமியார் சேலைகளுக்கிடையே துழாவிக்கொண்டிருந்தார்.

"என்ன அத்தை தேடுறீங்க?"

மாமியாரின் கை நீலச் சேலையை நெருங்கிக்கொண்டிருந்தது. அதன் மடிப்பில்தான் கருத்தடை மாத்திரை அட்டை இருந்தது.

முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே அடங்கிப்போனது. அடுத்ததற்கு ரத்த அழுத்தம் ஏறி, வலிப்பு கண்டு, பிள்ளையும் போய், இவள் பிழைத்ததே பெரும்பாடு. இனியொரு தடவை கருத்தரித்தால் தாயின் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னதை, லாரி ஓட்டும் கணவன் வீட்டில் மூச்சுவிடவில்லை.

"அம்மாவுக்குத் தெரிய வேணாம். பேரப்பிள்ளைன்னு உசிரையே வெச்சிருக்காங்க. உடைஞ்சுபோயிடுவாங்க" என்றான் அவளிடம்.

அவன் சொன்னதும் சரிதான். போன பிள்ளைக்குத் தைத்த சட்டைகளை மாமியார் இன்னும் துவைத்துக் காயப்போட்டு மடித்து வைக்கிறார். நேற்றுக்கூட, வெகு நாள் கழித்து மகன் வீடு வந்த தடபுடலுக்கு நடுவிலும் அவை கொடியில் ஆடிக்கொண்டிருந்தன. எதிர்வீட்டுத் தையல்காரி அதைப் பார்த்துவிட்டு, "ஏதும் விசேஷமா?" என்று கேட்டதற்கு மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

மருமகளோடும் பேச்சு குறைந்துபோயிற்று. காலையில் அவள் குளித்து வரும் நேரம், கட்டிலருகே ஒரு டம்ளர் தண்ணீரை 'டங்'கென்று வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போவதோடு சரி.

மாமியார் திரும்பினார். கையில் மாத்திரை அட்டை.

"அத்தை, நானே சொல்லணும்னுதான்..."

"ரெண்டு புள்ளைங்களையும் துணியில சுத்திக் கொடுத்தது நான்தானே." குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "இந்தக் கைதானே."

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். என்ன ஏச்சு வந்தாலும் வாங்கிக்கொள்வது என்று சுவரைப் பிடித்தபடி நின்றாள்.

மாமியார் அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு குழியாகத் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"நேத்து ஒண்ணு போட மறந்துட்டியேம்மா."