மூச்சு விடும் ஓட்டைகள்

கோழிக்கூட்டின் கதவு திறக்க மறுத்தது.

அன்புராசா தோளால் இடித்தான். கீல்களைப் பிடித்திருந்த பனி உடைந்து விழுந்தது.

கிளடிஸ் சுடுதண்ணீர்க் கேத்திலுடன் அவனுக்குப் பின்னால் நின்றாள். கணவனுக்கு முன்னால் போய் உள்ளே பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

உட்சுவரெல்லாம் வெள்ளையாய் உறைந்திருந்தது. கோழிகள் தடியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. சிவந்திருந்த கொண்டைகள் வெளிறி, நுனி கறுத்துப்போயிருந்தன. நரைச்சி என்று அவன் பெயர் வைத்திருந்த சாம்பல் நிறப் பேடு மட்டும் கீழே வைக்கோலில் கிடந்தது.

தொட்டுப் பார்த்தான். அசையவில்லை.

கூரையடியில் தான் வெட்டிய இரண்டு ஓட்டைகளையும் அண்ணாந்து பார்த்தான். ஒன்றுக்குள் விரல்களை விட்டு அளந்தான்.

"அளவு காணாது போலை. நான்தான் பிழை விட்டிட்டன்."

கிளடிஸின் கையில் கேத்தில் கனத்தது.

சித்திரையில் பக்டரி அவனை லே ஓஃப் பண்ணி வீட்டுக்கு அனுப்பியது. தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு அது. வேறு இடங்களிலும் ஆள் எடுக்கவில்லை. கோடை முழுவதும் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். சவரம் செய்வதையும் விட்டுவிட்டான்.

ஐப்பசியில் ஒருநாள், குப்பை எடுப்பதற்காக யாரோ தெருவோரம் வைத்திருந்த பழைய கதவொன்றைத் தலையில் சுமந்துகொண்டு வந்தான். அடுத்த கிழமை இரட்டைக் கண்ணாடி யன்னல் ஒன்று. பிறகு, ரீவிப் பெட்டிகளுக்குள் வரும் வெள்ளை ரெஜிபோம் துண்டுகள். செய்து விற்கும் கூடுகள் அவர்களுடைய கைக்கு எட்டாதவை. கம்பிவலை மட்டும்தான் கடையில் வாங்கினான். நூலகத்தில் எடுத்த புத்தகத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து அவளுக்குப் படம் காட்டினான்.

"குளிரைக் கோழி தாங்குமாம். அதுகளின்ரை மூச்சு வெளியாலை போகாமல் உள்ளுக்கை ஈரமாய் நிண்டால்தான் கொல்லுமாம். நீர் நம்பமாட்டீர், என்ன?"

அவள் சிரித்தாள். அவன் அன்று சவரம் செய்திருந்தான். அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனாலும் அவன் சொன்னது காதில் விழுந்தது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல அவளுக்கு வழியில்லை.

நேற்று மாலை கோயில் ஆட்கள் வீட்டுக்குக் கிறிஸ்மஸ் கரோல் பாட வருவதாக இருந்தது. போன ஞாயிறு பூசை முடிந்து வரும்போது, நீக்கிலாப்பிள்ளை மாஸ்டரின் மனைவி எல்லோருக்கும் கேட்கிறமாதிரிக் கேட்டிருந்தாள்.

"என்ன பிள்ளை, கனடாவுக்கு வந்தும் கோழிப்பண்ணையோ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கிளடிஸும் சிரித்தாள்.

"அவர் வேலையாலை வந்து சும்மா பொழுதுபோக்குக்குச் செய்யிறது, அன்ரி."

வேலை போனது கோயிலில் யாருக்கும் தெரியாது.

மேளச் சத்தத்துக்குக் கோழிகள் கொக்கரிக்கும். எல்லோரும் பின்வளவுக்குப் போய்ப் பார்ப்பார்கள். ஒரு கேள்வி இன்னொரு கேள்வியைக் கொண்டுவரும். அன்புராசா கேக் எடுக்கப் போயிருந்த நேரம் பார்த்து, அவள் ஸ்ரூலில் ஏறி, வெளிப்பக்கமாய் இரண்டு நீலக் குளியல் துவாய்களை அந்த ஓட்டைகளுக்குள் இறுக்கி அடைத்தாள். சத்தம் கொஞ்சமாவது அடங்கும். ஆட்கள் போனதும் எடுத்துவிடலாம்.

வந்தார்கள், பாடினார்கள், போனார்கள். கோப்பைகளைக் கழுவி வைத்தாள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை என்ற நிம்மதியில் படுத்தாள், உறங்கிவிட்டாள்.

விடியத்தான் நினைவு வந்தது. அவன் எழும்புமுன் ஓடிப்போய் இழுத்தபோது துவாய்கள் பலகைபோல விறைத்திருந்தன. கூட்டுக்குள் பார்க்காமலே அவற்றைக் கீழ்த்தளப் பேஸ்மன்ருக்குக் கொண்டுபோய், வோஷிங் மெஷினுக்குப் பின்னால் போட்டாள்.

"இதை வைக்கப் பெட்டி ஒண்டு எடுத்து வாறன்," என்றான் அன்புராசா. "பேஸ்மன்ரிலை கிடக்கும்."

"நில்லுங்கோ, நான் எடுக்கிறன்."

அதற்குள் அவன் படியிறங்கிவிட்டான்.

ஒரு பெட்டி எடுக்க அவ்வளவு நேரம் ஆகாது.

திரும்பி வந்தவன் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, பேட்டைத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்தான்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துத் தெரு இக்னேசியஸ் முட்டைக்கு வந்தான். நேற்று மேளம் அடித்தவன் அவன்தான். அவனுடைய காதில் விழுவது மத்தியானப் பூசைக்கு முன் கோயில் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும்.

கூட்டுக்குள் தலையை நீட்டினான்.

"மச்சான், கோழிக்கு வீடு கட்டுறன் எண்டு ஐஸ்பெட்டி எல்லோ கட்டி வைச்சிருக்கிறாய்! காத்துப் போக ஓட்டை வைக்கேல்லையோ?"

கிளடிஸ் வாயைத் திறந்தாள். 

"வைச்சனான்," என்றான் அன்புராசா. பெட்டியின் மூடியை நிதானமாக மடித்தான். "ராத்திரிக் குளிருக்குப் பயந்து, நான்தான் ரெண்டு துவாயாலை அடைச்சு விட்டிட்டன். விசர் வேலை."

இக்னேசியஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

இந்தமுறை கிளடிஸுக்குச் சிரிக்க வரவில்லை.

அன்புராசா அவளுடைய கையிலிருந்து கேத்திலை வாங்கினான். அது எப்போதோ ஆறிப்போயிருந்தது.