நாதமூளை யோசிக்கிறது

"டேய், அதைத் தொடாதே. யோசிச்சுக்கிட்டிருக்கு."

கீபோர்டுக்காரர் கையை இழுத்துக்கொண்டார். அவர் தொடப் போனது கம்ப்யூட்டரை அல்ல. அதன் பக்கத்தில் கிடந்த தன்னுடைய பழைய வயர் பெட்டியை. ஒன்பது வருஷம் அந்த ஸ்டுடியோவில் வாசித்தவர், செயற்கை நுண்ணறிவு வந்த மறுநாளே வீட்டுக்கு அனுப்பப்பட்டார். இரண்டு மாதமாகிறது. மாலை நாலு மணிக்கு ஷூ கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள், அறை லட்சணமாக இருக்க வேண்டும், உடனே வந்து உன் குப்பையை எடுத்துக்கொண்டு போ என்று முதலாளி இன்று காலை போனில் விரட்டியிருந்தார்.

புது வேலையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு எட்டு மணிக்கே ஓடி வந்தவரை, முதலாளி பதினொன்றரை வரை வாசல் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத்தான் உள்ளே கூப்பிட்டார். உடனே என்பதற்கு அவர் அகராதியில் அதுதான் பொருள்.

திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. 'உங்கள் இசை தயாராகிறது' என்று அதன் கீழே எழுதியிருந்தது.

"இதான் நாதமூளை," என்றார் முதலாளி, புதிதாகப் பிறந்த பேரனைக் காட்டுகிறவர் போல. "மத்த மெஷினெல்லாம் ஒரு நிமிஷத்துல பாட்டைத் துப்பிடும். இது ரெண்டு மணி நேரம் யோசிக்கும். தரம்னா அதான்."

கீபோர்டுக்காரர் தலையாட்டி வைத்தார். இதே அறையில் அவர் இரண்டு நிமிடம் யோசித்தால் அதற்குத் தூக்கம் என்று பெயர்.

முதலாளி விடுவதாக இல்லை. நாதமூளை டீ கேட்பதில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதில்லை. எலக்ட்ரோ இசை வேண்டும், இடி இடிக்க வேண்டும், ஆனால் தூங்குகிற குழந்தை விழிக்கக் கூடாது என்று போன வாரம் கேட்டாராம். மறுபேச்சு இல்லாமல் போட்டுக் கொடுத்ததாம். உன்னிடம் சொல்லியிருந்தால் இடியா தாலாட்டா, ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் என்று சட்டம் பேசியிருப்பாய் என்றார். உண்மைதான், பேசித்தான் இருப்பார்.

"என் ரசனை அதுக்கு அத்துப்படி. பேஸ் எங்கே ஏறணும், டிரம் எங்கே நிக்கணும், நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாலயே தெரியுது. நீயும் ஒன்பது வருஷம் பக்கத்துலயே உக்காந்திருந்தே. என்னத்தைக் கத்துக்கிட்டே?"

கீபோர்டுக்காரர் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

மணி பன்னிரண்டைத் தாண்டியது. வட்டம் அதுபாட்டுக்குச் சுற்றியது. ஷூ விளம்பரத்துக்கு முப்பது வினாடி இசை கேட்டு முதலாளி எட்டரைக்கே எழுதிவிட்டார். நாலு மணிக்குள் அது வராவிட்டால் வருஷ ஒப்பந்தம் எதிர்த்தெரு ஸ்டுடியோவுக்குப் போய்விடும். இந்த அறைக்குப் பூட்டுதான். ஏசி ஓடியும் அவருக்கு வியர்த்தது. குனிந்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினார்: "ஐயா, அவசரப்படுத்துவதற்கு மன்னிக்கவும். தயவுசெய்து கொஞ்சம் சீக்கிரம் முடித்துக் கொடுத்தால் உதவியாக இருக்கும். நன்றி."

கீபோர்டுக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த 'ஐயா'வை எழுதும்போது முதலாளியின் முதுகு எவ்வளவு பதமாக வளைகிறது என்பதை அவர் நேரில் பார்ப்பது இதுதான் முதல் முறை. ஒன்பது வருஷத்தில் ஒரு 'தயவுசெய்து' இந்த வாயிலிருந்து உதிர்ந்ததில்லை. அவருக்கு வலித்தது. கூடவே சிரிப்பும் வந்து தொலைத்தது.

"மெஷினுக்கு எதுக்கு சார் ஐயா?"

"அறிவுக்கு மரியாதை குடுக்கணும்டா. உனக்கெங்கே புரியப் போகுது."

அந்த மரியாதைக்கும் வட்டம் மசியவில்லை. பன்னிரண்டரைக்கு முதலாளியின் குரல் இறங்கி வந்தது. சும்மாதானே நிற்கிறாய், உட்கார்ந்து எதையாவது வாசித்துக் கொடேன் என்றார். ஆபத்துக்குப் பாவமில்லை என்று நினைத்தாரோ என்னவோ, நாளையிலிருந்து பழைய வேலைக்கே வந்துவிடு என்றும் சொல்லிப் பார்த்தார்.

இரண்டு மாதம் முன்பு இதைச் சொல்லியிருந்தால் கீபோர்டுக்காரர் காலில் விழாத குறையாக வந்திருப்பார். இப்போது வயர் பெட்டியைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"வேணாம் சார். புது இடத்துல எனக்கு ஒரு கஸ்டமர் இருக்கார். ரெண்டு மாசத்துல ஒரு தடவைகூட நீ, வா, போன்னு பேசினதில்ல. அவரை விட்டுட்டு வர மனசு வரல."

"குடுத்து வச்சவன்டா நீ," என்று பெருமூச்சு விட்டார் முதலாளி. "எனக்கு வாய்ச்சதெல்லாம் உன்னை மாதிரிதான்."

"கவலைப்படாதீங்க சார். நாலு மணிக்குள்ள கண்டிப்பா வந்துடும்."

"அதைப்பத்தி உனக்கு என்னடா தெரியும்? போ, போய் உன் வேலையைப் பாரு."

அதையாவது கேட்போம் என்று அவர் கிளம்பினார். மூன்று பஸ் நிறுத்தம் தள்ளி இறங்கி, பெயர்ப்பலகை இல்லாத கட்டடத்தின் நாலாவது மாடிக்கு மூச்சிரைக்க ஏறியபோது மணி ஒன்று அடித்து ஐந்து நிமிடம். வாசலிலேயே மேற்பார்வையாளர் கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

"அரை நாள்னா அரை நாள்தான் சார். அந்த ஷூ விளம்பரக்காரர் காலைலேர்ந்து ஐயா, ஐயான்னு எழுதிக் கெஞ்சிக்கிட்டிருக்கார். உங்க கை இல்லாம அவருக்கு வேற யாரு வாசிச்சாலும் பிடிக்காதுன்னு தெரியுமில்ல?"

நாற்பது பேர் வரிசையாக உட்கார்ந்து கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த அந்தக் கூடத்தில், பதினேழாம் நம்பர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டது நாதமூளை.