திருப்பி எறிந்த பந்து

பாஸ்டனில் பேஸ்பால் ஆட்டம், கடைசி இன்னிங்ஸ். நியூயார்க் அணியின் புதுப்பையன் அடித்த பந்து மைதானச் சுவரைத் தாண்டி, ஹோம் ரன்னாகப் பறந்து வந்து டெர்மட்டின் மடியில் விழுந்தது. அத்தோடு பாஸ்டனின் கதை முடிந்தது.

பக்கத்து இருக்கையில் இருந்த நியூயார்க் ரசிகன், "எங்க பையன்யா! எங்க பையன்!" என்று துள்ளிக் குதித்தான். நாற்பது வருஷமாகப் பாஸ்டன் தொப்பி போடும் டெர்மட்டுக்கு வயிறு பற்றி எரிந்தது. கொடுத்து வைத்தவன், வாய்விட்டுக் கத்துகிறான்!

"பெரியவரே, அந்தப் பந்தை எனக்குக் குடுங்க. அவனோட முதல் ஹோம் ரன்!"

"உனக்கா? செத்தாலும் கிடையாது."

"எதிரி அடிச்ச பந்து நமக்கெதுக்கு? திருப்பி எறி!" என்று பாஸ்டன் கூட்டம் வழக்கம்போலக் கூச்சலிட்டது. டெர்மட் எழுந்து, பலங்கொண்ட மட்டும் மைதானத்துக்குள் வீசினார். கூட்டம் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது.

வீடு திரும்பும் ரயிலில் போன் அடித்தது.

"அப்பா! என் முதல் ஹோம் ரன் பந்து என் கைக்கே வந்துடுச்சு! நம்ம ஊர்க்காரன் எவனோ வயித்தெரிச்சல்ல திருப்பி எறிஞ்சிருக்கான்."

"நான்தான்டா எறிஞ்சேன்," என்றார் டெர்மட். "பக்கத்துல ஒருத்தன் உன்னை 'எங்க பையன்'னு சொல்லிக் குதிச்சா, பெத்தவனுக்கு எரியாதா?"