ஜெசிந்தாவின் பனி எச்சரிக்கை

துருவக் கடல் கப்பல்களுக்குப் பனிப்பாறை எச்சரிக்கை ஒலிபரப்பும் நிலையத்தின் தூத்துக்குடி அலுவலகத்துக்குள் ஜெசிந்தா கொதித்துப்போய் நுழைந்தாள். இயந்திரக் குரலை மாலுமிகள் காதில் வாங்குவதில்லை என்று, அவரவர் மனைவியின் குரலையே கணினியில் உருவாக்கி நிலையத்தார் எச்சரித்துக்கொண்டிருந்தார்கள்.

"என் குரல எடுத்துருங்க சார்."

"உங்க குரல்ல சொன்னாத்தான் உங்க வீட்டுக்காரர் கப்பலத் திருப்புறாரு மேடம். அவரு உயிரோட வர வேண்டாமா?" என்றார் அதிகாரி.

"அவுக அப்பா செத்துட்டாகன்னு காலையிலருந்து அவுககிட்ட மூணு தடவ சொல்லிட்டேன், மிஷினு பேசுதுன்னே நெனைக்காக. இந்தா, நீங்களே கேளுங்க."

கைபேசியை ஸ்பீக்கரில் போட்டுக் கப்பலிலிருந்த கணவனை அழைத்தாள். "என்னங்க, நான் நெசமாவே ஜெசிந்தா. மாமா போயிட்டாக."

"செய்தி கிடைத்தது. பனி இருக்கும் இடத்தைச் சொல்லவும்."

அவள் பல்லைக் கடித்தாள். "நம்ம வீட்டு முன்னறையில. ஐஸ் பெட்டிக்குள்ளதான் அவுகளப் படுக்க வச்சிருக்கு."

"முன்னறை. கிடைத்தது," என்று திருப்பிச் சொல்லிவிட்டு அவன் இணைப்பைத் துண்டித்தான்.