மணத்தக்காளியை விட்ட கை

மூன்று வருடங்களுக்கு முன்பு, கம்பெனிக்காரர்கள் கட்டிவிட்ட கேமராவை நெற்றியில் சுமந்தபடி ஒரு பருவம் முழுக்கப் பருத்திக் காட்டில் களை எடுத்தாள் பேச்சித்தாய். அவள் கையைப் பார்த்துக் கற்றுக்கொண்ட இயந்திரங்கள்தான் இன்று ஜில்லா முழுக்கக் களை எடுக்கின்றன. அவளை யாரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை.

இன்று கம்பெனி ஜீப் மறுபடியும் வந்து அவளைக் காட்டுக்கு அழைத்துப் போனது.

"மெஷின் எல்லாத்தையும் எடுக்குது, மணத்தக்காளிய மட்டும் விட்டுட்டுப் போகுது. நீங்க சொல்லிக்கொடுத்ததுலதாம்மா தப்பு," என்றார் பொறியாளர் நவநீதன்.

"அப்ப எம்மவளுக்கு வாயெல்லாம் புண்ணு. கீரைக்கு ஆகும்னு விட்டேன். களையெடுக்க வார எல்லாப் பொம்பளையும் விடுவா, காட்டுக்காரரே ஒண்ணும் சொல்ல மாட்டாரு. மூணு வருசமா நாங்க வேலையில்லாமக் கெடக்கோம். அது ஒங்களுக்குத் தப்பாத் தெரியல, ஒரு கீரைச்செடிதான் தப்பாத் தெரியுதோ?"

"கோவப்படாதீங்கம்மா. இன்னைக்கு ஒரு நாள் கேமராவக் கட்டிட்டு, அதையும் பிடுங்கிக் காட்டுங்க. நீங்க செய்யறத எல்லா மெஷினும் அடுத்த நிமிஷமே அப்படியே செய்யும்."

"எல்லா மிசினுமா?"

"ஒண்ணு விடாம."

பேச்சித்தாய் சேலையை வரிந்து கட்டினாள். கேமராவை வாங்கி, நெற்றியில் தானே இறுக்கிக்கொண்டாள். முதல் சாலில் குனிந்து மணத்தக்காளியை மெல்ல ஒதுக்கிவிட்டு, பக்கத்தில் முழங்கால் உயரம் நின்ற பருத்திச் செடியை வேரோடு பிடுங்கி எறிந்தாள்.

"எம்மா! என்ன பண்றீங்க?"

"சொல்லிக்குடுக்கேன்," என்றபடி அடுத்த பருத்தியைப் பிடித்தாள்.